யாருடைய பிறபொருளெதிரி?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களில் அறுவடைக்கு இறங்கும் உழவனுக்கு வரம்போரத்துப் புடையன் பாம்பு புதியதன்று. கடிபட்டவனுக்கு வைத்தியசாலையில் ஏற்றப்படும் மருந்து இந்தியாவிலிருந்து வருவது. நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியில் உருவாகும் பிறபொருளெதிரிகளைப் பிரித்தெடுத்து அதனைச் செய்கின்றனர். நஞ்சேற்றிய விலங்கின் குருதி மருந்தாகும் என்று 1894இல் அறிவித்தவர்களுள் ஒருவர், சைகோனில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் கால்மெத்.

ஆனால் குதிரையின் குருதியிலிருப்பது ஒரு கலவை. ஒரேயொரு வகைப் பிறபொருளெதிரி மட்டும் வேண்டுமானால் என்ன செய்வது? 1975இல் கேம்பிரிட்ஜில் ஜோர்ஜ் கோலரும் சேசர் மில்ஸ்டீனும் இதற்கு விடை கண்டனர். பிறபொருளெதிரியைச் சுரந்து விரைவில் மாளும் சுண்டெலிக் கலத்தை, மாளாது பெருகும் புற்றுக்கலத்தோடு இணைத்தனர். பிறந்த கலம் இரண்டின் இயல்பையும் பெற்றிருந்தது. மில்ஸ்டீன் ஆர்ஜென்டினாக்காரர், அங்கே 1962இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின், சக ஆய்வாளர் வேலைநீக்கப்பட்டதை எதிர்த்துப் பதவி விலகி வெளியேறியவர். இதை நாம் வெறும் துணுக்காகக் கருதவில்லை.

1977இல் ஒக்ஸ்போர்டின் அலன் வில்லியம்ஸ் அவரோடு சேர்ந்து, எலியின் வெண்குருதிக் குழியங்களின் மேற்பரப்புப் புரதங்களை இம்முறையால் ஆராய்ந்தார். டபிள்யூ 3/25 என்று பெயரிடப்பட்ட பிறபொருளெதிரி அவ்வாறு கிடைத்ததே. நுண்ணோக்கியில் ஒரே தோற்றமுடைய குழியங்கள் தொழிலால் வேறானவை என்பதை அது காட்டிற்று. பிற குழியங்களுக்குத் துணைநிற்கும் பிரிவு தனியே பிடிபட்டது. அப்புரதம் மனிதரிலும் உண்டு. இன்று சிடி4 எனப்படுகிறது. அதை மூடும் பிறபொருளெதிரி எயிட்ஸ் வைரசைக் கலத்துள் நுழையவிடுவதில்லை என்று 1984இல் கண்டபோது, வைரசு புகும் வாயில் எதுவென்பது தெளிந்தது. கோலரும் மில்ஸ்டீனும் நோபெல் பரிசில் பங்குபெற்றதும் அவ்வாண்டே.

இனி உடைமைக் கதை. கேம்பிரிட்ஜ் முறைக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. உடனடிப் பயன் தெரியவில்லை என்று பிரித்தானிய அரச நிறுவனம் கைவிட்டது. மில்ஸ்டீன் கேட்ட ஆய்வுகூடங்களுக்குக் கலங்களை அனுப்பினார். அவ்வாறு பெற்ற பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனமோ, அதே வழியில் உண்டாக்கிய பிறபொருளெதிரிகளுக்கு 1979இலும் 1980இலும் அமெரிக்கக் காப்புரிமை பெற்றுக்கொண்டது. கொடுத்தவன் கேட்காத உரிமையை வாங்கியவன் கேட்டான்!

அதன்பின் ஓரினப் பிறபொருளெதிரி புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் விலையுயர்ந்த மருந்தாகிப் பெருஞ்சந்தை கண்டது. பாம்பு கடிப்பதோ பெரும்பாலும் வெறுங்காலோடு வயலில் நிற்பவனை; அவனிடம் சந்தைக்கு என்ன வேலை? உலக சுகாதார நிறுவனம் 2017இலேதான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையில் சேர்த்தது. படுவான்கரை உழவனின் நரம்பில் இன்றும் ஏறுவது குதிரையின் குருதியிலிருந்து எடுத்த அந்தக் கலவையே.