காத்திருப்பு மின்நுகர்வு

காத்திருப்பு மின்நுகர்வு என்பது, மின்கருவி ஒன்று தனது முதன்மைப் பணியைச் செய்யாத வேளையிலும் மின்வழங்கலுடன் இணைந்திருப்பதால் நுகரும் மின்திறனைக் குறிக்கும். தொலையியக்கி மூலம் அணைக்கப்பட்ட தொலைக்காட்சி, கடிகாரம் மட்டும் ஒளிரும் நுண்ணலை அடுப்பு, நிறுத்தப்பட்ட பின்னும் மின்செருகியில் இணைந்துள்ள கணினி ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். தனியொரு கருவியில் இதன் அளவு மிகச் சிறியது. ஆயினும் இது ஆண்டின் 8,760 மணி நேரமும் இடைவிடாது தொடரக்கூடியது என்பதால், வீடொன்றின் மொத்த மின்நுகர்வில் குறிப்பிடத்தக்க பங்கு வகிக்கலாம்.

அளவு

ஒரு வாட்டுத் திறன் ஆண்டு முழுவதும் தொடர்ந்து நுகரப்பட்டால் அது 8.76 கிலோவாட்டு மணி, அதாவது ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 10 வாட்டு எனில் 87.6 யூனிட் ஆகும்.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பத்து வீடுகளில் நடத்தப்பட்டு 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், காத்திருப்பு நுகர்வு வீட்டுக்கு 14 முதல் 169 வாட்டு வரை இருந்தது. சராசரி 67 வாட்டு. இது அவ்வீடுகளின் ஆண்டு மின்நுகர்வில் 5 முதல் 26 விழுக்காடாகும்.

காரணங்கள்

காத்திருப்பு நிலையிலும் கருவியின் சில பகுதிகள் இயங்க வேண்டியுள்ளது. அவற்றுள் முதன்மையானவை:

* தொலையியக்கியின் அகச்சிவப்புச் சைகையை எதிர்நோக்கியிருக்கும் உணரி
* கடிகாரம், சுட்டு விளக்கு போன்ற காட்சிப் பகுதிகள்
* வலையமைப்பிலிருந்து வரும் அழைப்புக்குக் காத்திருக்கும் சுற்று
* வீட்டு மின்சாரத்தைக் குறைந்த மின்னழுத்த நேர்மின்னோட்டமாக மாற்றும் மின்வழங்கி

இவற்றுள் பழைய கருவிகளில் பெரும் இழப்புக்குக் காரணமாக இருந்தது மின்வழங்கியே. இரும்பு உள்ளகம் கொண்ட மின்மாற்றியின் முதன்மைச் சுருளில், எதிர்ப்பக்கம் சுமை எதுவும் இல்லாதபோதும் மின்னோட்டம் பாயும். அதனால் உள்ளகத்திலும் சுருளிலும் வெப்பம் உண்டாகும். பயன்படுத்தாத பழைய மின்னேற்றியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது இதனாலேயே.

இதற்கு மாற்றாக வந்த நிலைமாற்று மின்வழங்கி, மின்னோட்டத்தைத் திரிதடையம் ஒன்றின் மூலம் நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைக்கிறது. ஆகவே அதற்குச் சிறிய மின்மாற்றியே போதுமானது. சுமை இல்லாதபோது அது பெரும்பாலான துடிப்புகளைத் தவிர்த்துவிடுவதால், இழப்பு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைய முடியும்.

கணினிகளில் காத்திருப்பு நிலைகள்

முற்காலத் தனியாள் கணினிகளின் ஆளி, மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்தது. 1995 இல் இன்டெல் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏடிஎக்ஸ் வடிவமைப்பில், கணினி அணைந்திருக்கும்போதும் தாய்ப்பலகைக்கு 5 வோல்ட்டு வழங்கல் தொடர்கிறது. பொத்தானை அழுத்தியோ வலையமைப்பு வழியாகவோ கணினியை எழுப்ப இது உதவுகிறது.

1996 இல் இன்டெல், மைக்ரோசாப்ட், தோசிபா ஆகிய நிறுவனங்கள் வெளியிட்ட ஏசிபிஐ சீர்தரம், மின் மேலாண்மையை இயக்குதளத்தின் பொறுப்பில் விட்டது. அதில் பயனருக்கு முக்கியமான நிலைகள் மூன்று:

* உறக்க நிலை: நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் தொடரும். கணினி சில நொடிகளில் விழித்தெழும். மின்தடை ஏற்பட்டால் சேமிக்கப்படாத பணி இழக்கப்படும்.
* ஆழ்துயில் நிலை: நினைவகத்தின் உள்ளடக்கம் வன்தட்டில் எழுதப்படும். மின்தடையால் பணிக்குப் பாதிப்பில்லை. விழித்தெழ நேரம் கூடுதலாகும்.
* மென் அணைப்பு: இயக்குதளம் நிறுத்தப்படும். ஆயினும் தாய்ப்பலகைக்கான சிறு வழங்கல் நீடிக்கும்.

மின்தடை அடிக்கடி நிகழும் இடங்களில், மின்கலம் இல்லாத மேசைக் கணினிகளுக்கு ஆழ்துயில் நிலையே பாதுகாப்பானது.

விதிமுறைகள்

எந்தக் கருவியின் காத்திருப்பு நுகர்வும் ஒரு வாட்டைத் தாண்டக்கூடாது என்ற இலக்கை 1999 இல் அனைத்துலக ஆற்றல் முகமை முன்வைத்தது. லாரன்சு பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் ஆலன் மையர் இக்கருத்தின் முன்னோடிகளுள் ஒருவர். 2001 இல் ஐக்கிய அமெரிக்காவின் நடுவண் அரசு, தனது கொள்முதலுக்கு இதே அளவை அடிப்படையாகக் கொள்ள ஆணையிட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் ஒரு வாட்டையும், 2013 முதல் அரை வாட்டையும் எல்லையாக விதித்தது. தகவல் காட்சி உள்ள கருவிகளுக்கு இவ்வளவுகளின் இருமடங்கு அனுமதிக்கப்பட்டது. வலையமைப்புடன் இணைந்திருக்கும் பொதுவான கருவிகளுக்கான எல்லை 2015 இல் 6 வாட்டு, 2017 இல் 3 வாட்டு, 2019 இல் 2 வாட்டு எனப் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2025 மே மாதம் முதல் புதிய ஒழுங்குமுறை பழையதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ளது.

இவற்றால் தனித்தனிக் கருவிகளின் நுகர்வு வெகுவாகக் குறைந்துள்ளது. மறுபுறம், எந்நேரமும் இணையத்துடன் இணைந்திருக்கும் கருவிகளின் எண்ணிக்கை வீடுகளில் பெருகியுள்ளது. திசைவி, குரல்வழி இயங்கும் ஒலிபெருக்கி போன்றவை உண்மையில் ஓய்வு கொள்வதே இல்லை. ஆகவே குறைந்த மின்நுகர்வின் பயனில் ஒரு பகுதி இப்பெருக்கத்தால் ஈடாகிவிடுகிறது.

குறைக்கும் வழிகள்

இந்தியா, இலங்கை, ஐக்கிய இராச்சியம் ஆகிய நாடுகளில் சுவரிலுள்ள மின்செருகித் துளைகளுக்கு அருகிலேயே ஆளி அமைந்திருப்பது வழக்கம். அதை அணைத்தால் நுகர்வு சுழியமாகும். ஆளி இல்லாத நாடுகளில் ஆளியுடன் கூடிய நீட்டிப்புப் பலகைகள் இதற்குப் பயன்படுகின்றன. எனினும் பின்வருவனவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்:

* கணினியை இயக்குதளத்தின் வழியே முறையாக நிறுத்திய பின்னரே ஆளியை அணைக்க வேண்டும்.
* மைத்தாரை அச்சுப்பொறியை அதன் சொந்தப் பொத்தானால் முதலில் அணைக்க வேண்டும். இல்லையெனில் மைமுனை மூடப்படாமல் காய்ந்துவிடக்கூடும்.
* நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பெட்டிகளைத் துண்டித்தால், குறித்து வைத்த பதிவு நடைபெறாது.

தற்கால அலைபேசி மின்னேற்றியைச் செருகியிலேயே விட்டுவிடுவதால் ஏற்படும் இழப்பு மிகச் சிறிது. 0.1 வாட்டு எனக் கொண்டால் ஆண்டுக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. எனவே பழைய மின்மாற்றிக் கருவிகள், தொலைக்காட்சிப் பெட்டிகளுடன் இணைக்கப்படும் அலைவரிசைப் பெட்டிகள், ஒலிப் பெருக்கிகள் ஆகியவற்றில் முதலில் கவனம் செலுத்துவதே பயன் தரும்.

இவற்றையும் பார்க்கவும்

* நிலைமாற்று மின்வழங்கி
* மின்மாற்றி
* ஆற்றல் சேமிப்பு