தசையும் கவனமும்: ஒரு வரலாற்று நோக்கு

பாரந்தூக்கும் பயிற்சியில் தசையுடன் மனமும் ஈடுபடுகின்றது என்பது இன்று பொதுவாக ஏற்கப்படும் கருத்தாகும். ஆயின், மனத்தை எதன்மீது செலுத்துவது, அவ்வாறு செலுத்துமாறு பணிப்பவர் யார் என்னும் வினாக்கள் உடலியலோடு மட்டும் அமைவன அல்ல. அவற்றின் சமூக அடிப்படையினை நாம் இங்கு சுருக்கமாக நோக்க முயல்கின்றோம்.

1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாந் தொகுதியில், உழைப்புக்கு உறுப்புக்களின் முயற்சியோடு இடையறாத கவனமும் வேண்டப்படுகின்றது என்றார் கார்ல் மார்க்ஸ். வேலை உழைப்பவனைக் கவராதவிடத்து அக்கவனம் மேலும் வலிந்து பெறப்படுகின்றது என்பதும் அவர் கருத்து.

அதே ஆண்டில் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பேர்க் நகரிற் பிறந்த யூஜின் சாண்டோ, 1897 இல் லண்டனில் உடற்பயிற்சிக் கூடமொன்றை நிறுவினார். பாரங்குறைந்த டம்பெல்களே போதும். இயங்கும் தசைமீது மனம் ஊன்றுதல் வேண்டும் என்பது அவர் போதனை. மேசையிலமர்ந்து பணியாற்றிய எழுதுவினைஞர் முதலானோரை அது கவர்ந்தது. தசை இங்கு உழைப்புக் கருவி என்னும் நிலையிலிருந்து காட்சிப்பொருள் என்னும் நிலைக்கு மாறியது. 1901 இல் றோயல் அல்பேட் மண்டபத்தில் நடந்த உடலழகுப் போட்டி இம்மாற்றத்தின் வெளிப்பாடு எனலாம்.

இதற்கு நேர்மாறானது அமெரிக்காவின் பெத்லஹேம் உருக்காலையில் 1899 இல் நிகழ்ந்தது. இரும்புப் பாளம் சுமந்த தொழிலாளி, மேற்பார்வையாளர் சொல்லும்போது தூக்கவும் நடக்கவும் அமரவும் பணிக்கப்பட்டான். நாளொன்றுக்குச் சுமக்கும் அளவு 12½ தொன்னிலிருந்து 47 தொன்னாக உயர்ந்ததென பிரெடெரிக் டெய்லர் 1911 இல் எழுதினார். கூலியோ 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராகவே உயர்ந்தது. சிந்தனை நிருவாகத்துக்கும் தசை தொழிலாளிக்கும் உரியவாயின.

அண்மைக்கால ஆய்வுகள் இவ்விரு மரபுகளையும் மறுபரிசீலனை செய்ய உதவுகின்றன. கையின்மீதன்றித் தூக்கும் பாரத்தின்மீது கவனத்தைச் செலுத்தும்போது தசையின் மின்னியக்கம் குறைகின்றது என 2004 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அதே வேலை குறைந்த முயற்சியில் முடிகின்றது. 2016 ஆய்வொன்றின்படி, மல்லாந்து பாரந்தூக்குவோர் மார்புத் தசையை எண்ணித் தூக்குகையில் அதன் இயக்கம் கூடுகின்றது; எனினும், உச்ச பலத்தின் 80 வீதப் பாரத்தில் அவ்விளைவு காணப்படவில்லை. பயிற்சியற்ற 30 இளைஞரிடம் 8 வாரம் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினரின் ஆய்வில், தசையை எண்ணியோரின் மேற்கை முன்தசை 12.4 வீதமும், பாரத்தின் இயக்கத்தை எண்ணியோரது 6.9 வீதமும் தடித்தன. தொடைத் தசையில் அத்தகைய வேறுபாடு தோன்றவில்லை.

எனவே, தசையை எண்ணுக என்பதோ, பாரத்தை எண்ணுக என்பதோ தன்னளவிற் சரியானதன்று. நோக்கமே அதனைத் தீர்மானிக்கின்றது. தசை வளர்ப்பவனுக்கு முன்னையதும், சுமை நகர்த்துபவனுக்குப் பின்னையதும் பொருந்தும். அந்நோக்கத்தைத் தெரியும் உரிமை சாண்டோவின் மாணவனுக்கு, சந்தையின் வரம்புக்குள்ளேனும், இருந்தது. பாளம் சுமந்தவனுக்கு இருக்கவில்லை. குறைந்த முயற்சியில் கூடிய வேலை என்னும் கண்டுபிடிப்பு உழைப்பவனின் களைப்பைக் குறைக்கவும் கூடும், அவன் சுமையைப் பெருக்கவும் கூடும். இவற்றுள் எது நிகழும் என்பதை உடலியல் தீர்மானிப்பதில்லை. உற்பத்தி உறவுகளே தீர்மானிக்கின்றன.