மூன்று நாட்டு மரை

சேலத்திலிருந்து கிழக்கே உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகும் சாலையில், மஞ்சவாடிக் கணவாய் வழியாக அரூர் செல்லும் சாலை பிரியும் ஊர் அயோத்தியாப்பட்டணம். கோதண்டராமர் கோயிலால் பெயர் பெற்றது. சேலம், சங்ககிரி, நாமக்கல் என்று லாரித் தொழிலோடு வளர்ந்த வட்டாரம் இது. இங்கே இன்ஜின் இறக்கிக் கட்டும் பட்டறைகளுக்குப் பழகிய சொல் ‘மரை போச்சு’. புத்தி பிசகியவரை ‘மரை கழன்றவர்’ என்று ஊர் சொல்வதும் இந்த மரையை வைத்துத்தான்.

இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டை இறுக்கும்போது பிடித்துக்கொண்டிருந்த ஸ்பேனர் சட்டென்று லேசாகச் சுற்றும். போல்ட்டை வெளியே எடுத்துப் பார்த்தால், துளைக்குள் இருந்த அலுமினிய மரை கம்பிச் சுருளாகப் போல்ட்டின் பற்களில் சிக்கி வந்திருக்கும்.

இந்தத் தலைவலிக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் பட்டறைக்கு ஒரு மரை இருந்தது. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் போல்ட்டுகளைத் திரட்டி, சராசரி கண்டு, 1841-இல் பற்களுக்கு இடையே 55 பாகைக் கோணம் கொண்ட ஒரு பொது மரையை முன்வைத்தார். 1864-இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையைத் தேர்ந்தார். ஐரோப்பாவோ மில்லிமீட்டர் கணக்குக்குப் போனது.

மூன்றும் இந்தியச் சாலைகளுக்கு வந்து சேர்ந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்த அமெரிக்க லாரிகள் வந்தன. 1954-இல் ஜெர்மானியக் கூட்டோடு டாடா மெர்சிடிஸ் லாரியும், 1955-இல் பிரிட்டிஷ் கூட்டோடு அசோக் லேலண்டும் பிறந்தன. கார்களில் அம்பாசடர் அங்குலம், ஃபியட் மில்லி. 1956-இல் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தபோதும், ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்களின் மரை மாறவில்லை.

சிக்கலை ஒரே போல்ட்டில் பார்க்கலாம். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. பக்கத்தில் 8 மி.மீ. போல்ட்டை வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் 8 மி.மீ. போல்ட்டில் அங்குலத்துக்குச் சுமார் 20 மரை. 5/16 விட்வொர்த்தில் 18. தவறான துளையிலும் ஓரிரு சுற்று கையாலேயே ஏறிவிடும், பிறகு பிடிக்கும். அங்கே ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் மரை போய்விடும். அம்பாசடரின் வார்ப்பிரும்பு ஹெட் கொஞ்சம் தாங்கியது. ஃபியட்டின் அலுமினிய ஹெட்டும், 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இன் அலுமினிய ஹெட்டும் அப்படித் தாங்கவில்லை.

அப்படி மரை போன 8 மி.மீ. துளையைப் பழுது பார்க்க மூன்று வழிகள் உண்டு. 8.5 மி.மீ. டிரில் விட்டு, மரை வெட்டும் கருவியான டேப்பை 10 மி.மீ. அளவில் அடித்துப் பெரிய போல்ட் போடுவது பழைய வழி. சுற்றிலும் கனம் இருந்தால்தான் அது நடக்கும். லேத்தில் கடைந்த, உள்ளும் புறமும் மரை வெட்டிய புஷ்ஷை இறக்குவது அடுத்தது. மூன்றாவது, விமான இன்ஜின்களில் பேர் வாங்கிய எஃகுச் சுருள்: 8.3 மி.மீ. துளையிட்டு, தனி டேப் அடித்துச் சுருளைத் திருகி இறக்க வேண்டும். பெரிதான துளையில் அலுமினியத்தின் பிடிப்பு கூடுகிறது. போல்ட் எஃகில் உட்காருகிறது. ஒழுங்காகச் செய்தால் பழைய மரையைவிட இது பலமானது.

டிரில் சாய்ந்தால் எல்லாம் வீண். அடிப்பக்கம் மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருக்கும்போது போல்ட்டை இறுக்கினால் பிளாக்கே விரிசல் விடும். இன்ஜின் வேலைக்கு வண்டியை விடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: “புஷ் போட இன்னும் ஒரு நாள் ஆகும்” என்று பட்டறைக்காரர் சொன்னால், அவரை அவசரப்படுத்தாமல் அந்த ஒரு நாளைக் கொடுங்கள்.