பி. பானுமதி

பி. பானுமதி (7 செப்டம்பர் 1925 – 24 டிசம்பர் 2005) தமிழ், தெலுங்குத் திரையுலகங்களில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் விளங்கிய நடிகை, பாடகி, இயக்குநர், தயாரிப்பாளர், எழுத்தாளர். பானுமதி ராமகிருஷ்ணா என்ற பெயரிலும் அறியப்பட்டவர். கதாநாயகர்களைச் சுற்றியே எல்லாம் நடந்த காலத்தில், தன் பாட்டைத் தானே பாடி, தன் படத்தைத் தானே எடுத்து, தன் சொல்லுக்கு மதிப்பு இல்லாத இடத்திலிருந்து எழுந்து வந்தவர். அந்தத் தன்மானத்துக்கு அவர் விலையும் கொடுத்தார்.

ஆந்திராவில் ஓங்கோல் பகுதியைச் சேர்ந்த தொட்டவரம் அவர் பிறந்த ஊர். தந்தை பொம்மராஜு வெங்கட சுப்பையா இசைப் பற்றுள்ளவர். மகளுக்குச் சிறு வயதிலேயே கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். 1939இல் சி. புல்லையா இயக்கிய 'வர விக்ரயம்' என்ற தெலுங்குப் படத்தில் பானுமதி அறிமுகமானார். வரதட்சணையைச் சாடும் புகழ்பெற்ற நாடகத்தின் திரைவடிவம் அது. பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு, வரதட்சணைக் கொடுமையால் உயிரை விடும் காளிந்தியின் வேடம். 'கிருஷ்ண பிரேமா' படப்பிடிப்பின்போது உதவி இயக்குநர் பி. எஸ். ராமகிருஷ்ண ராவைச் சந்தித்து, வீட்டாரின் எதிர்ப்பை மீறி 1943இல் மணந்துகொண்டார்.

பி. என். ரெட்டியின் 'சுவர்க்க சீமா' (1945) அவரை நட்சத்திரமாக்கியது. தெருவில் ஆடிப் பாடும் ஏழைப் பெண் ஒருத்தி நாடக மேடையின் ராணியாகி, சித்தூர் வி. நாகையா நடித்த குடும்பஸ்தனை மனைவியிடமிருந்து பிரிக்கிறாள். குடும்பப் பெண் வேடத்தில்தான் நடிகைக்கு நல்ல பெயர் என்று இருந்த நாளில், மயக்கும் பெண்ணாக வந்து அவர் ரசிகர்களைக் கட்டிப்போட்டார். அதே இயக்குநரின் 'மல்லீஸ்வரி' (1951) கிருஷ்ணதேவராயர் காலத்துக் காதல் கதை. என். டி. ராமாராவுடன் அவர் நடித்த இந்தப் படத்தைத் தெலுங்கு ரசிகர்கள் இன்றும் காவியமாகவே போற்றுகிறார்கள்.

தமிழில் அவர் 'ராஜமுக்தி' (1948) மூலம் கால் பதித்தார். சிறையிலிருந்து மீண்ட எம். கே. தியாகராஜ பாகவதர் புனேயில் எடுத்த படம். அதற்கு வசனம் எழுதப் போன புதுமைப்பித்தன் காசநோய் முற்றி அதே ஆண்டில் மறைந்தார். படம் தோற்றது, பானுமதி நிலைத்தார். ஜெமினியின் 'அபூர்வ சகோதரர்கள்', அண்ணாவின் எழுத்தில் என். எஸ். கிருஷ்ணன் நடித்த 'நல்லதம்பி' இரண்டும் 1949இல் வந்தன. 1954இல் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் 'மலைக்கள்ளன்' குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) படத்தில் மார்ஜியானா அவர்தான்.

இந்தப் படங்களைத் தாங்கி நின்றது அவருடைய குரல். பின்னணிப் பாடல் முறை வேரூன்றியபின் நடிகைகள் ஒவ்வொருவராக வாயசைப்புக்கு மாறினார்கள், பானுமதி மாறவில்லை. கனத்த, சற்றே மூக்கொலி கலந்த சாரீரம் அது. சாஸ்திரிய உருப்படியையும் துள்ளல் பாட்டையும் ஒரே லாகவத்தோடு பாடினார். பேசுகிற குரலும் பாடுகிற குரலும் ஒன்றாக இருந்ததால், பாட்டு தொடங்கும்போது பாத்திரம் கலைந்து போகவில்லை. அந்தக் காலத்துப் பல நல்ல நடிகைகளுக்கு வாய்க்காத வரம் இது.

கணவரோடு சேர்ந்து, மகனின் பெயரில் பரணி பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். சென்னை சாலிகிராமத்தில் பரணி ஸ்டுடியோ எழுந்தது. 'லைலா மஜ்னு' (1949), தொண்டரடிப்பொடியாழ்வாரின் கதையான 'விப்ரநாராயணா' (1954), சரத் சந்திரரின் கதையைத் தழுவிய 'கானல் நீர்' (1961) ஆகியவை அந்நிறுவனத்தின் படைப்புகள். 1953இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் தானே இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்தார். தமிழில் டி. பி. ராஜலட்சுமி அதற்கு முன்பே படம் இயக்கியிருந்தார் என்பதை இங்கே மறக்கக் கூடாது. ஆனால் மூன்று மொழியில் ஒரு படத்தை இயக்கியபடி அதில் இரண்டு வேடங்களையும் சுமப்பது எவருக்கும் எளிதான வேலை அன்று.

எல்லாரும் சொல்லும் 'மிஸ்ஸம்மா' (1955) கதையையும் சொல்லத்தான் வேண்டும். அதன் தெலுங்குப் பதிப்பில் நாயகியாக முதலில் நடித்தவர் பானுமதி. சில ரீல்கள் எடுத்தும் ஆகிவிட்டன. வரலட்சுமி விரத நாளில் பூஜையை முடித்துவிட்டுத் தாமதமாக வந்ததைத் தயாரிப்பாளர் சக்ரபாணி கண்டித்து, மன்னிப்புக் கேட்கச் சொன்னார். பானுமதி மறுத்தார். எடுத்த ரீல்கள் வீணாயின; வேடம் சாவித்திரிக்குப் போனது. அந்த வேடம் சாவித்திரியை உச்சிக்குக் கொண்டுசென்றது. தன்னால் ஒரு நல்ல நடிகை கிடைத்தார் என்று பானுமதி பின்னாளில் பெருந்தன்மையோடு சொன்னதாகக் குறிப்பிடுவார்கள். எம். ஜி. ஆர். இயக்கிய 'நாடோடி மன்னன்' (1958) படத்திலும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அவருடைய மதனா பாத்திரம் பாதிப் படத்தில் இறந்துபோக, பிற்பகுதியில் சரோஜாதேவி வந்தார். எம். ஜி. ஆர். முதலமைச்சராக இருந்த காலத்தில்தான் பானுமதி தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியின் முதல்வரானார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இருவருக்கும் நியாயம்.

நடிப்பின் சிகரமென்றால் 'ரங்கோன் ராதா' (1956). அண்ணாவின் கதை, கருணாநிதியின் வசனம். சொத்துக்காகவும் இன்னொரு திருமணத்துக்காகவும் மனைவியைப் பைத்தியம் என்று ஊரை நம்பவைக்கும் கணவனாகச் சிவாஜி. கொஞ்சம் கூடினாலும் ஒப்பாரியாகிவிடக்கூடிய வேடம் ரங்கத்தினுடையது. தன் புத்தி தெளிவாக இருப்பது தனக்குத் தெரிந்தும் அதை நிரூபிக்க வழியில்லாத பெண்ணின் தவிப்பைப் பானுமதி அடக்கியே காட்டினார். நடிப்புக்கு இலக்கணம் வகுத்தவர் என்று அண்ணா அவரைப் புகழ்ந்தார். ஏவி.எம்.மின் 'அன்னை' (1962) வேறு தினுசு: தங்கையின் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்து, அவன் கைவிட்டுப் போய்விடுவானோ என்ற பயத்திலேயே கடுமையாகிவிடும் தாய். அந்தப் பாசத்தின் சுயநலத்தை அவர் மறைக்கவில்லை. அதனாலேயே அந்தத் தாய் நம் மனத்தில் நிற்கிறாள்.

எழுத்தில் அவருக்கு நகைச்சுவை நன்றாக வந்தது. மாமியாரை மையமாக்கிய 'அத்தகாரி கதலு' ஆந்திர சாகித்ய அகாதமி விருது பெற்றது. 'நாலோ நேனு' என்ற தன்வரலாறு சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருதைப் பெற்றது. சிறுவர்களையே நடிக்கவைத்து 'பக்த துருவ மார்க்கண்டேயா' (1982) என்ற படத்தையும் இயக்கினார். 'மண்வாசனை'யில் காந்திமதி செய்த பாட்டி வேடம், தெலுங்கில் 'மங்கம்மகாரி மனவடு' (1984) ஆனபோது அவருக்கு வந்தது. படம் பெரும் வெற்றி. 'செம்பருத்தி' (1992) அவரை அடுத்த தலைமுறைத் தமிழ் ரசிகர்களிடம் பாட்டியாகக் கொண்டுசேர்த்தது.

1966இல் பத்மஸ்ரீ, 2001இல் பத்மபூஷண் விருதுகள் அவருக்கு வழங்கப்பட்டன. 2005 டிசம்பர் 24 அன்று சென்னையில் காலமானார். 'செம்பருத்தி' பாட்டியாக மட்டுமே அவரை அறிந்தவர்கள் 'ரங்கோன் ராதா'வைத் தேடிப் பார்க்க வேண்டும்.