பருத்திக்கொட்டை கொடுத்ததும் சாய உப்பு எடுத்ததும்

திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் காதர்பேட்டை. பனியன், ஜட்டி, டி-சர்ட், எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய துணி என்று எல்லாம் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கிற கடைவீதி. இந்தக் கடைவீதிக்கும் மாட்டுக்கு வைக்கிற உப்புக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் யாருக்கும் சிரிப்புதான் வரும். ஆனால் உண்டு! அது ஏறக்குறைய நூறு வருஷக் கதை.

கதை காதர்பேட்டையில் ஆரம்பிக்கவில்லை. அங்கிருந்து கிழக்கேயும் தெற்கேயும் உள்ள காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்து கொறங்காடுகளில் ஆரம்பிக்கிறது. கொறங்காடு என்பது சும்மா கிடக்கிற தரிசு அல்ல, மேய்ச்சலுக்கென்றே பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் நிலம். சுற்றிலும் கிளுவை முள்ளால் உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே வெள்வேல மரம், நிழலுக்கும் காய்க்கும். மழை குறைந்த பூமி, சரளை மண். விவசாயம் செய்ய முடியாத இடத்தில் மாடு வளர்க்கக் கொங்கு மக்கள் கண்டுபிடித்த வழி இது. காங்கேயம் மாடு என்று இன்று உலகமே பேசுகிற இனம் இந்தக் காடுகளில் வளர்ந்ததுதான். பழையகோட்டை பட்டக்காரர் குடும்பம் அதைப் பொறுக்கு விதைபோலத் தேர்ந்தெடுத்து வளர்த்துப் பேர் வாங்கியது.

ஆனால் கொறங்காட்டில் ஒரு குறை உண்டு. மழைக்காலத்துப் பச்சைப் புல்லில் எல்லாச் சத்தும் ஓரளவு இருக்கும். கோடையில் புல் முற்றிக் காய்ந்ததும் அதில் பாஸ்பரஸ் அடியோடு குறைந்துவிடும். மண்ணிலேயே அது குறைவு என்றால் கேட்கவே வேண்டாம். பாஸ்பரஸ் போதாத மாடு என்ன செய்யும்? எலும்பைத் தேடிக் கடிக்கும். கந்தல் துணி, தோல், மண் என்று கிடைத்ததை எல்லாம் மெல்லும். பசு பருவத்துக்கு வராது, கன்று வளராது. ஊர்த்தெருவில் துணியை மெல்லுகிற மாட்டைப் பார்த்து "அதுக்குக் கொழுப்பு" என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது கொழுப்பு அல்ல, பசி. வயிற்றுப் பசி அல்ல, எலும்பின் பசி!

இதை அறிவியலாக நிரூபித்தது தென்னாப்பிரிக்காவில். அங்கே இறைச்சிக்காகப் பரந்த வெளியில் மேய்க்கும் மாடுகள் கூட்டம் கூட்டமாகக் கால் மடங்கிச் செத்துக்கொண்டிருந்தன. 1919 வாக்கில் ஆர்னால்ட் தைலர் என்ற கால்நடை மருத்துவர் வ்ரைபர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் இதை ஆராய்ந்தார். மாடுகள் பாஸ்பரஸ் இல்லாமல் செத்த விலங்குகளின் எலும்பைக் கடிக்கின்றன, அந்த எலும்பில் ஒட்டியிருக்கும் கிருமியின் விஷம் மாட்டைக் கொல்கிறது என்று கண்டுபிடித்தார். வைத்தியம் என்ன? சுத்தம் செய்த எலும்புத்தூளைத் தீவனத்தில் கொடுப்பது. அவ்வளவுதான். எலும்பு கடிப்பது நின்றது, மாடுகளின் எடையும் ஏறியது. (இவருடைய மகன் மேக்ஸ் தைலர்தான் மஞ்சள் காய்ச்சல் ஆராய்ச்சிக்காக 1951ல் நோபல் பரிசு வாங்கியவர்.) 1935ல் ஆஸ்திரேலியாவில் இதேபோல் இன்னொரு மர்மம் விடுபட்டது. கண் நிறையப் பச்சைப் புல் இருந்தும் ஆடுமாடுகள் மெலிந்து செத்ததற்குக் காரணம் கோபால்ட் என்ற உலோகம் கடுகளவு கூட இல்லாததுதான்!

சரி, தைலரைப் பற்றிக் கேள்விப்படாத கொங்கு விவசாயி என்ன செய்தார்? பருத்திக்கொட்டையை ஊற வைத்து, ஆட்டுரலில் ஆட்டி, புண்ணாக்கோடு சேர்த்துத் தாழியில் ஊற்றினார். கூடவே ஒரு கை கல்லுப்பு. பருத்திக்கொட்டையில் காய்ந்த புல்லைவிடப் பல மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. அதில் குறைவாக உள்ள சுண்ணாம்புச் சத்தை மர இலையும் காயும் ஈடுகட்டின. கல்லுப்பு சோடியத்தைக் கொடுத்தது. பெயர் தெரியாமலேயே ஒரு முழுத் தாது உப்புக் கலவைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். கோயமுத்தூர்ச் சீமை முழுக்கப் பருத்திக் காடு. திருப்பூரோ பருத்திச் சந்தை, ஜின்னிங் பாக்டரிகளின் ஊர். பஞ்சு மில்லுக்குப் போகும், கொட்டை மாட்டுக்குப் போகும். ஆக, துணித் தொழிலும் மாடும் ஒரே செடியைப் பங்கு போட்டுக்கொண்டன.

இதில் கல்லுப்புதான் சுலபமாகக் கிடைக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1805லேயே கம்பெனி சர்க்கார் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. பிறகு வரி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. 1923ல் ஒரே அடியாக இரண்டு மடங்கு ஆக்கி, எதிர்ப்பு வரவே அடுத்த வருஷம் குறைத்தார்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த கதை எல்லாருக்கும் தெரியும். உப்பு வரி என்றதும் மனிதர் சாப்பாடுதான் நினைவுக்கு வருகிறது. கஞ்சிக்கே உப்பை எண்ணிப் போடுகிற வீட்டில் மாட்டுத் தாழிக்கு எவ்வளவு போகும்? அந்த வரி போனது 1947ல்தான்.

அந்தக் காலத்திலேயே இன்னொரு தொழில் முளைத்தது. 1925ல் குலாம் காதர் தொடங்கிய பேபி நிட்டிங்தான் திருப்பூரின் முதல் பனியன் கம்பெனி என்று சொல்லப்படுகிறது. ரொம்ப காலம் வெள்ளைப் பனியன்தான் பிரதானம். 1970களின் கடைசியில் ஏற்றுமதி தொடங்கி 1980களில் வேகம் பிடித்தது. வெளிநாட்டுக்காரர் கேட்டது கலர். அங்கேதான் உப்பு மறுபடி உள்ளே வருகிறது.

பருத்தி நூலுக்குப் போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். 1956ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது. தண்ணீரில் பருத்தி இழைக்கும் மைனஸ் மின்னூட்டம், சாயத்துக்கும் மைனஸ். ஒன்றை ஒன்று தள்ளும். இதைச் சமாளித்துச் சாயத்தை இழையோடு ஒட்ட வைக்க உப்பு வேண்டும். சாதா உப்பு அல்லது சோடியம் சல்பேட், லிட்டருக்குப் பத்துக் கணக்கான கிராம். இதில் வேடிக்கை என்னவென்றால் துணியில் உப்பு தங்காது. அலசும்போது மொத்தமும் தண்ணீரோடு வெளியே போய்விடும். நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள், தினமும் கோடிக்கணக்கான லிட்டர் கழிவு. எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் நொய்யல்.

பாசனத்துக்காக 1992ல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. சில வருஷத்திலேயே அது சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. அக்கம்பக்கத்துக் கிணறெல்லாம் உப்பு. வெளியேற்றும் கழிவில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. வந்ததோ அதைப் போல் சில மடங்கு.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். பெரிய மாட்டுக்கு ஒரு நாளைக்குத் தேவையான உப்பு சுமார் 30 கிராம். அது குடிக்கும் தண்ணீர் சுமார் 40 லிட்டர். கிணற்றில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு என்றால், தண்ணீர் வழியாக மட்டும் 200 கிராம்! லிட்டருக்கு 7 கிராமைத் தாண்டினால் சினை மாட்டுக்கும் கன்றுக்கும் ஆபத்து என்பது பொதுவான கணக்கு. அதோடு முடியவில்லை. தண்ணீரில் சல்பேட் அதிகமானால், தீவனத்தில் உள்ள தாமிரத்தை மாட்டின் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாமல் போகும். தாமிரம் குறைந்தால் ரத்தசோகை, ரோமம் வெளுப்பது, சினை பிடிக்காமை. அதாவது ஒரு உப்பு கூடினால் இன்னொரு சத்து குறையும். தாழியில் என்ன போட்டாலும் தண்ணீர் அதைக் கெடுத்துவிடும்.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் 2003ல் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். 2006ல் தீர்ப்பு, 2009ல் உச்சநீதிமன்றத்திலும் விவசாயிகள் பக்கமே. அப்படியும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரி 28ம் தேதி சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரே நாளில் எத்தனையோ குடும்பங்களுக்கு வேலை போனது. பட்டறைத் தொழிலாளியும் விவசாயிதான், பல வீடுகளில் அண்ணன் காட்டில், தம்பி பட்டறையில். கழிவைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்து, உப்பையும் மீட்டெடுக்கும் முறை வந்த பிறகே பட்டறைகள் திறந்தன.

எல்லாப் பழியையும் சாயத்தின் மேல் போடுவதும் நியாயமில்லை. 1932ல் பைக்காரா மின்சாரம் வந்து, பம்புசெட் கவலை இறைக்கும் காளையின் வேலையை எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. பிறகு டிராக்டர் உழவை எடுத்துக்கொண்டது. கொங்கில் பருத்திக் காடும் சுருங்கியது. பருத்திக்கொட்டை காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது.

இன்று அந்த இடத்தில் இருப்பது பாக்கெட்டில் வரும் தாது உப்புக் கலவை. சுண்ணாம்பு, பாஸ்பரஸ், தாமிரம், துத்தநாகம், கோபால்ட், அயோடின் எல்லாம் அளவாகச் சேர்த்தது. 1989ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தயாரித்துக் கொடுக்கிறது. பெரிய மாட்டுக்கு ஒரு நாளைக்கு 30 முதல் 50 கிராம். பேரில் உப்பு இருந்தாலும் கல்லுப்பு வேறு, தாது உப்பு வேறு. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். மற்ற ஊர்களில் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் நொய்யல் கரையில் அப்படியல்ல. அங்கே மாட்டுக்கு எந்தப் பாக்கெட் வாங்குவதற்கும் முன்னால் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுப்பதுதான் முதல் வேலை. எந்த உப்பு ஏற்கெனவே கூடியிருக்கிறது என்று தெரிந்தால்தானே, எது குறைகிறது என்று சொல்ல முடியும்?