கொயினாவின் விலை

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதியிலே மருத்துவத்தின் உறுப்புக்களை நான்காக வகுத்தார். பிணியாளன், மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என்பன அவை. மருந்து விற்பவனுக்கு அவ்வகுப்பில் இடமில்லை. பிற்கால உலகிலோ மருந்தின் அளவையும் விலையையும் அவனே பெரும்பாலும் தீர்மானிக்கலானான். இதனால் விளைவது யாதென்பதற்கு நம் புத்தளக் கரையோர வரலாறே சான்று பகரும்.

1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. சிலாபத்திற்கு வடக்கே கடலொடு கலக்கும் தெதுறு ஓயாவும், இன்றைய புத்தளம் மாவட்டத்தின் தென்னெல்லையாகிய மகா ஓயாவும் ஓட்டமற்றுக் குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பல்கிற்று. அவ்வாண்டிறுதியில் எழுந்து 1935இலும் நீடித்த மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கவர்ந்தது. அவ்வாறுகள் பாய்ந்துவரும் குருநாகல், கேகாலைப் பகுதிகளே பேரழிவைக் கண்டன.

அந்நோய்க்கு அன்று கைகண்ட மருந்து சிங்கோனா மரப்பட்டையிலிருந்து பெறப்படும் கொயினா. அம்மரம் இலங்கைக்குப் புதியதன்று. 1861இலேயே அதனை வளர்த்தற்கென ஹக்கலையில் தோட்டம் அமைக்கப்பட்டது. கோப்பிப் பயிர் நோயால் அழியவே, தோட்டத்துரைமார் சிங்கோனாவை நாடினர். 1880களில் 60,000 ஏக்கருக்கு மேல் அது பயிரானது. பட்டை சந்தையிற் குவிந்தது, விலை வீழ்ந்தது. நோயாளிக்கு நன்மையான அவ்விலை தோட்டக்காரருக்கு நட்டமாயிற்று. ஆகலின் சிங்கோனா அகற்றப்பட்டது, தேயிலை நடப்பட்டது.

அதன்பின் பெரும்பங்குப் பட்டை ஒல்லாந்தர் ஆண்ட சாவகத் தீவிலிருந்தே உலகிற்குக் கிடைத்தது. 1913இல் அத்தீவின் தோட்டக்காரரும் கொயினா உற்பத்தியாளரும் விலையைக் கூட்டாக நிர்ணயிக்க உடன்பட்டனர். ஒருகால் பட்டையை ஏற்றுமதி செய்த நாடு, கொள்ளைநோயின் நடுவே கொயினாவைப் பிறரிடம் வாங்கி நின்றது. தோட்டக்காரரைக் கொடியோர் என்றல் முறையன்று. ஊதியம் தராத மரத்தை எவ்வணிகனும் காவான். மக்கள் உயிர்காக்கும் பொருளை அக்கணக்கு ஒன்றிடமே ஒப்படைத்தமைதான் தவறு.

கொள்ளைநோய்க் காலத்தில் அரசு கொயினாவை இலவசமாக வழங்கிற்று. சூரியமல் இயக்கத் தொண்டரும் ஊர்தோறும் சென்றனர். அவருள் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க ஒருவர். மருந்தோடு உணவும் இன்றியே மக்கள் மடிகின்றனர் என்பதை அத்தொண்டர் கண்ணாரக் கண்டனர். 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது.

அதே விக்கிரமசிங்க, பேராசிரியர் சேனக பிபிலேயுடன் சேர்ந்து மருந்துக் கொள்கை பற்றிய அறிக்கையை ஆக்கினார். அதன் பயனாக 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் பல விலைக்கு விற்கப்படுவதை ஒழிக்க, ஏறக்குறைய 2,100 ஆக இருந்த மருந்துகள் 600 அளவிற் குறைக்கப்பட்டன. உலகச் சந்தையிற் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கியமையால் விலை இறங்கியது. மலிவான மருந்து தரங்குறைந்தது என்ற எதிர்ப்பும் எழுந்தது. அதனை எளிதில் தள்ளலாகாது. ஆயின் தரத்தை அறிவிப்பது ஆய்வுகூடமேயன்றி விலைச்சீட்டன்று.

1977இன் பின் தனியார் இறக்குமதிக்குக் கதவு மீண்டும் திறந்தது. மருந்தின் தரத்தையும் விலையையும் ஒழுங்குபடுத்தத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் 2015இலேயே வந்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது அரசாங்க வைத்தியசாலைகளிலும் மருந்து அருகிற்று. ஆகவே வணிகனை விலக்கினால் மட்டும் போதாது. அரசின் களஞ்சியமும் நிறைந்திருத்தல் வேண்டும்.

இலங்கை மலேரியா ஒழிந்த நாடென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எனினும், “வெளியே வாங்குக” என்று எழுதிய துண்டோடு மருந்துக்கடை வாயிலில் நிற்கும் கரைவலைத் தொழிலாளியை இன்றும் காண்கின்றோம். அவன் கையிலுள்ள பணத்தை எண்ணிப் பார்த்து, பத்து நாள் மருந்தில் மூன்று நாளைக்கு உரியதை வாங்கிச் செல்கின்றான். சிங்கோனாவின் வரலாறு அவனளவில் இன்னும் முடிவுறவில்லை. வள்ளுவர் வகுத்த நான்கினுள் மருந்து எல்லார்க்கும் எட்டும்வரை ஏனைய மூன்றும் இருந்து பயனென்னை?