கஞ்சமலை இரும்பின் கணக்கு

சேலத்தை அடுத்த கஞ்சமலைக் கல்லில் கறுப்பு வரிகள் ஓடும். காந்தம் இழுக்கும் மேக்னடைட் தாது அது. மூன்று இரும்பு, நான்கு ஆக்சிஜன் என்பது அதன் வாய்பாடு. பள்ளிக்கூடக் கணக்கு தடுக்கி விழும் இடமும் இதுதான். இங்கே ஓர் ஆக்சிஜனின் மின்சுமை −2, நான்குக்கு −8. சேர்மம் மொத்தத்தில் நடுநிலை. எனவே மூன்று இரும்பும் சேர்ந்து +8 தந்தாக வேண்டும். எட்டை மூன்றால் வகுத்து 2.67 என்று எழுதிவிட்டு நகர்கிறவர்கள் உண்டு. சராசரியாக அது சரிதான். ஆனால் விடையில் பாதிதான். வகுப்பதை விட்டுப் பிரித்துப் பார்க்க வேண்டும்: இரண்டு அணுக்கள் +3, ஒன்று +2. கூட்டினால் எட்டு. எந்த அணு அந்த +2 என்று விரல் நீட்டிக் காட்டிவிடவும் முடியாது, ஏனென்றால் சாதாரண வெப்பநிலையிலேயே எலக்ட்ரான் ஓர் இரும்பிலிருந்து இன்னோர் இரும்புக்குத் தாவிக்கொண்டிருக்கிறது.

சேர்மங்களில் சோடியம் என்றால் +1, கால்சியம் என்றால் +2 என்று மனப்பாடம் செய்துவிடலாம். இரும்பு அப்படிப் பிடிகொடுக்காது. கூட இருப்பவற்றின் சுமையைக் கூட்டிப் பார்த்துத்தான் அதன் சுமையைச் சொல்ல வேண்டும்.

1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் நடத்திய உலைக்கு இந்தச் சேலத்துத் தாது போயிற்று. மரக்கரியிலிருந்து எழுந்த கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, உலோகமாக வெளியே வந்த இரும்பின் கணக்கு பூஜ்யம். தொழிற்சாலை நிலைக்கவில்லை, காடுகள் கரியானதுதான் மிச்சம்.

கடலோரத்தில் இரும்பு பூஜ்யமாகவே இருந்துவிட முடியாது. ஈரம் பட்டதும் இரண்டு எலக்ட்ரான்களை விட்டு +2 ஆகும். உப்பு அதைத் துரிதப்படுத்தும். காற்றிலுள்ள ஆக்சிஜன் இன்னொன்றையும் பிடுங்கினால் +3. இப்போது வாய்பாடு எளிது. +3, −2 இரண்டுக்கும் பொது மடங்கு ஆறு. ஆகவே இரும்பு இரண்டு, ஆக்சிஜன் மூன்று. கொஞ்சம் நீரும் சேர்ந்தால் துரு.

துருவுக்குத் தப்பிய துண்டு நீர்த்த கந்தக அமிலத்தில் விழுந்தால் ஹைட்ரஜன் குமிழியிடும். கரைசலை வற்றவைத்தால் இளம்பச்சைப் படிகம்: நாட்டு மருந்துக்கடை அன்னபேதி. சல்பேட் அயனி −2, இரும்பு +2, ஆகவே ஒன்றுக்கு ஒன்று. ஒட்டிக்கொண்டு ஏழு நீர் மூலக்கூறுகள். திறந்து வைத்த பொட்டலத்தில் பழுப்பேறினால் மேல்பரப்பு இரும்பு +3 ஆகிறது என்று அர்த்தம். வகுப்பறையில் அயனிச் சுமை சொல்லித்தருகிறவர்கள் முதலில் இந்தப் பொட்டலத்தைத்தான் காட்ட வேண்டும் என்பேன். அன்னபேதியைக் கடுக்காய்ச் சாற்றில் சேர்த்தால் மை. காற்றுப்பட்டு இரும்பு +3 ஆக ஆக, எழுத்து கறுக்கும்.

இதே இரும்பு சல்பேட்தான் ரத்தசோகைக்கு மாத்திரையாகவும் போகிறது. மாத்திரை இரும்பைக் குடல் +2 ஆக இருந்தால்தான் உள்ளே விடும்; எலுமிச்சையிலும் நெல்லிக்காயிலும் உள்ள வைட்டமின் சி, +3 ஆனதைத் திருப்பிக் கொண்டுவர உதவும். ரத்தத்துக்குள் வந்ததும் மறுபடி +3. அந்த நிலையில்தான் டிரான்ஸ்ஃபெரின் புரதம் அதைச் சுமந்து செல்லும். ஹீமோகுளோபினில் அமரும்போது திரும்பவும் +2. அங்கே +3 ஆகிவிட்டால் ஆக்சிஜனைச் சுமக்க இயலாது. அப்படிப்பட்டது அதிகமானால் ரத்தம் பழுப்பாகும், உதட்டில் நீலம் பாயும்.

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது சிதைந்தபின் உடல் இரும்பை வீணாக விடுவதில்லை. ஒரு பங்கை ஃபெரிட்டின் புரதத்துக்குள் +3 ஆகச் சேமிக்கிறது, மீதியை எலும்பு மஜ்ஜைக்கு அனுப்பிப் புதுச் சிவப்பணு செய்துகொள்கிறது.